விளம்பர இடைவேளை

உக்கடத்தில் பேரம் பேசி
நாலாயிரத்து இருநூறுக்கு ஒரு பழைய டெக் வாங்கி
பஸ்ஸில் மடிமேல் வைத்துச் சோமனூர் கொண்டுவந்தார்
என்ற ஊட்டுக்காரர்.
கண்டக்டர் அதற்கும் ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அவருக்கு ராத்திரி ஷிப்ட்.
எட்டரை மணி நாடகத்துக்கும் அவருக்கும் நடுவில்
பன்னிரண்டு தறி.

"பிளேயும் ரெக்கார்டும் ஒண்ணா அமுக்கோணும் துளசி.
ஒண்ணை மட்டும் அமுக்குனா சும்மா சுத்தும்."
அவ்வளவுதான் சொல்லித்தந்தது.
மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன்:
விளம்பரத்துக்கு முன்னால்
திரை ஒரு இமை நேரம் இருளும்.
அதற்குள் பாஸ் பட்டன்.
சோப்பு, பல்பொடி, சிமெண்டு எல்லாம் எனக்கு.
கதை மட்டும் அவருக்கு.

பட்டன்மேல் விரலை வைத்துப் பார்க்கிறவளுக்கு
கதை ஏறாது.
அந்தப் பெண் எதற்கு அழுதாள் என்று கேட்டால்
அழுகைக்கு முன்னால் விளம்பரம் வந்ததா
பின்னால் வந்ததா என்று சொல்வேன்.

காலையில் வருவார், புருவமெல்லாம் பஞ்சு.
தின்றுகொண்டே பார்ப்பார்.
"முடிச்சே தெரியலியே" என்பார்.
இழை அறுந்த இடத்தில் முடிந்து ஓட்டுகிற ஆள்
சும்மா சொல்லமாட்டார்.
தறியில் பாய்வதும் நாடா,
பெட்டிக்குள் சுற்றுவதும் நாடா.
அவர் படுக்கும்போது
நான் கோன் சுத்தப் போய்விடுவேன்.

கேசட் மொத்தம் ஆறு.
ஒன்றின் முதுகுச் சில்லை உடைத்து வைத்திருந்தோம்,
அழியக்கூடாதென்று.
நோம்பிக்கு வந்த ஒறம்பரையில் யாரோ
ஓட்டைமேல் பிளாஸ்திரி ஒட்டி
அதில் கிரிக்கெட் எடுத்துவிட்டுப் போனார்கள்.
என்ன இருந்தது அதில் என்று கேட்காதீர்கள்.
மற்ற ஐந்தும் ஐப்பசி மழையில் பூஞ்சை பூத்தன.

அப்புறம் வந்த பெட்டிக்குப்
பின்னால் ஒரு பென்டிரைவ் சொருகினால் போதும்.
தானே எழுந்து, தானே எடுத்து, தானே தூங்கும்,
கரண்ட் இருந்தால்.
அந்த வருசங்களில் அது எங்கே இருந்தது?
நாடகத்தில் பாதி, நியூசில் கால்,
நடுவில் எங்கள் தெரு இருட்டு.
அது மட்டும் பதிவாகவில்லை.

இடி விழுந்து அந்தப் பெட்டி போச்சு.
புதுப்பெட்டி பழைய பென்டிரைவைத் திறக்கமாட்டேன் என்றது.
"அந்தப் பொட்டீல எடுத்தது
அந்தப் பொட்டீலதானுங் ஓடும்"
என்றான் கேபிள்காரப் பையன்.
நூற்றுப் பதினெட்டு எபிசோடு,
சுண்டுவிரல் நீளம்.
சாவிக்கொத்தில் மாட்டிவிட்டேன்.

இப்போது எதையும் எடுக்கவே வேண்டாமாம்.
கோகிலவாணி பெருந்துறையிலிருந்து வந்து
போனைக் காட்டினாள்:
"எல்லாம் இருக்குதும்மா, வேணுங்கறப்ப கேட்டாப் போதும்."
எங்கே இருக்கிறது என்றேன்.
மேலே கையைக் காட்டினாள்,
பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதலாளி தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார்.
இப்போதுதான்
எட்டரைக்கு நாங்கள் ரெண்டு பேரும்
ஒரே கட்டிலில், டிவிக்கு முன்னால்.

கதை ஓடும்போது வாயைத் திறக்கமாட்டார்.
விளம்பரம் வந்ததும் ஆரம்பிப்பார்:
தென்னைக்கு வந்த வெள்ளை ஈ,
சம்பந்தி சொன்ன ஒரு சொல்,
பாவு பிணைக்கும்போது ஒருநாள்
குழிக்குள் கிடந்த பாம்பு.
தறிச் சத்தத்தில் வளர்ந்த தொண்டை,
சிமெண்டுக்காரன் கத்தலைத் தாண்டிக் கேட்கும்.

ஆறு கேசட்டிலும் சேர்த்து
நான் வெட்டி எறிந்தது எத்தனை மணி நேரம் வரும் என்று
ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்து
பாதியில் எழுந்துவிட்டேன்.

"மாசம் நூத்துச் சொச்சம் கட்டினா
விளம்பரமே வராதும்மா" என்கிறாள் மகள்.
அந்தக் காசுக்குப் புண்ணாக்கு வாங்கலாம் என்றேன்.

பாம்பு எந்தப் பக்கம் போனது என்று
அவர் இன்னும் சொல்லவில்லை.
அதற்குள் நாடகம் வந்துவிட்டது.